மறுசுழற்சித் தொட்டியில் கவனமானவர்களும் செய்யும் தவறுகள்

வீட்டுப் பொருள்களைத் தரம் பிரிக்கப் புதிதாகத் தொடங்குபவர்களுக்குப் பல ஆண்டுகளாகக் கற்றுக்கொடுத்து வருகிறேன். அவர்களுடைய தொட்டியைத் திறக்கும்போதெல்லாம் நான் முன்பு செய்த தவறுகளே என் கண்ணில் படுகின்றன. உணவுக் கழிவை மறுசுழற்சித் தொட்டியில் கொட்டக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால் அதைப் பற்றி இங்கு எழுதவில்லை. நல்ல எண்ணத்தோடு செய்யப்படுவதாலேயே நீடிக்கும் தவறுகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பையில் கட்டிப் போடுவது

இன்றும் எனக்குச் சினமூட்டும் தவறு இதுதான். காலிப் பாட்டில்களையும் டின்களையும் கழுவிக் காயவைத்து, காகிதங்களோடு சேர்த்து ஒரு பாலித்தீன் பையில் போட்டு, வாயை இறுக முடிந்து தொட்டியில் வைத்துவிடுகிறார்கள். தொட்டி அழுக்காகாது, அள்ளிச் செல்பவருக்கும் எளிது என்று நம்பி நானும் இரண்டு ஆண்டுகள் இப்படியே செய்தேன். ஒரு தரம் பிரிப்பு ஆலைக்குள் நின்று பார்த்த நாளில்தான் அந்தக் கட்டு என்னவாகிறது என்பது தெரிந்தது.

ஓடிக்கொண்டிருக்கும் கன்வேயர் பெல்ட்டின் இருபுறமும் நிற்பவர்களுக்கு ஒரு பொருளைப் பார்த்து முடிவெடுக்கக் கிடைப்பது ஓரிரு நொடிகள்தான். முடிச்சிட்ட பைக்குள் பாட்டில் இருக்கிறதா, உடைந்த கண்ணாடியோ ஊசியோ இருக்கிறதா என்பது அவர்களுக்குத் தெரியாது. அதனால் பல ஆலைகளில் அந்தப் பையைத் திறக்காமலேயே குப்பைக்குத் தள்ளிவிடுகிறார்கள். கழுவிக் காயவைத்த உழைப்பு முழுவதும் அதோடு போய்விடுகிறது.

கைக்குத் தப்பிய பை செய்யும் கேடு இன்னும் பெரியது. காகிதத்தையும் அட்டையையும் மேலே நகர்த்தி, பாட்டில்களையும் டின்களையும் கீழே விழவிடுவதற்காக, தட்டுகள் பொருத்திய அச்சுகள் அங்கே வரிசையாகச் சுழன்றுகொண்டிருக்கும். தையல் எந்திரத்தின் சக்கரத்தில் நூல் சிக்குவதுபோல், மெல்லிய பை அந்த அச்சுகளில் சுற்றிக்கொள்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாகப் பைகள் சுற்றச்சுற்ற இடைவெளிகள் அடைபட்டு, பிரிய வேண்டியவை பிரியாமல் கலந்தபடியே போகின்றன. நான் போயிருந்த நேரத்தில் எந்திரத்தை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, இரண்டு தொழிலாளர்கள் அச்சுகளுக்கு நடுவே இறங்கிக் கத்தியால் பைகளை அறுத்துக்கொண்டிருந்தார்கள். அறுத்துப் போட்ட குவியலில் நான் வீட்டில் கட்டி வைப்பவற்றைப் போன்ற பைகளே நிறையக் கிடந்தன. ஒருவருடைய வசதிக்காகப் போட்ட முடிச்சை அவிழ்க்க, இன்னொருவர் கூரிய தகடுகளுக்கிடையே இறங்க வேண்டியிருக்கிறது என்பதை என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பையைக் கிழித்துப் போட்டால் போதாதா என்று கேட்கிறார்கள். கிழிந்த பையும் அச்சில் சுற்றிக்கொள்ளும். பொருள்களைத் தொட்டியில் தனித்தனியாகக் கொட்டிவிட்டு, பைகளை மட்டும் சேர்த்துவைத்து, மெல்லிய பிளாஸ்டிக்கை வாங்கும் இடத்தில் கொடுக்க வேண்டும். உள்ளாட்சி அமைப்பே இதற்கெனப் பை கொடுத்திருந்தால் மட்டும் அதன் விதிப்படி நடக்கலாம். தோட்டக் குழாய், மின்கம்பி, கயிறு, பழைய துணி ஆகியவையும் இதேபோல் சுற்றிக்கொள்பவைதான்.

முக்கோணத்தை நம்புவது

பிளாஸ்டிக் பொருள்களின் அடியில் முக்கோணத்துக்குள் உள்ள 1 முதல் 7 வரையிலான எண், அமெரிக்க பிளாஸ்டிக் தொழில் துறையினர் 1988இல் கொண்டுவந்த குறியீடு. அது பிளாஸ்டிக்கின் வகையைச் சொல்கிறதே தவிர, அந்தப் பொருள் மறுசுழற்சிக்கு ஏற்கப்படும் என்று உறுதி சொல்வதில்லை. 1, 2 என்ற எண்களைக் கொண்ட பாட்டில்கள் பரவலாக ஏற்கப்படுகின்றன. 3, 6 போன்றவை பெரும்பாலான இடங்களில் ஏற்கப்படுவதில்லை. கார்பன் கறுப்பு நிறமி சேர்த்த தட்டுகளின் எண் எதுவாக இருந்தாலும், அகச்சிவப்புக் கதிரால் வகை கண்டறியும் கருவிகளால் பொதுவாக அவற்றை அடையாளம் காண முடியாது.

எண்ணெய் ஊறிய அட்டை

காகிதத்தை நீரில் கரைத்துக் கூழாக்கித்தான் மீண்டும் காகிதம் செய்கிறார்கள். எண்ணெய் அந்தக் கூழில் கலந்து தாளில் கறையையும் பலவீனத்தையும் உண்டாக்குகிறது. ஆகவே உணவு வந்த அட்டைப் பெட்டியில் எண்ணெய் படாத மூடியைக் கிழித்துத் தொட்டியில் போட்டுவிட்டு, ஊறிய அடிப்பகுதியை நீக்கிவிடுங்கள்.

பேட்டரி

ஒருபோதும் போடாதீர்கள். லித்தியம் பேட்டரி நசுங்கினால் தீப்பற்றும்; வண்டியிலும் ஆலையிலும் அதைச் சுற்றிக் கிடப்பது காய்ந்த காகிதம்.

வெப்பம் தாங்கும் கண்ணாடி

இது சாதாரணப் பாட்டில் கண்ணாடி உருகும் வெப்பத்தில் உருகாது என்பதால் பாட்டில்களோடு சேர்க்கக் கூடாது.

பாட்டிலைத் தட்டையாக மிதிப்பது

இடம் மிச்சமாகும் என்று பலர் இப்படிச் செய்கிறார்கள். எல்லாம் கலந்து அள்ளப்படும் இடங்களில், தகடுபோல் தட்டையான பாட்டிலை எந்திரம் காகிதத்தோடு மேலே அனுப்பிவிடக்கூடும். அங்கெல்லாம் அதன் உருவம் மாறாமல் போடுவதே நல்லது. காகிதத்துக்குத் தனித் தொட்டி இருக்குமானால் மிதித்துப் போடுவதில் இந்தச் சிக்கல் இல்லை.