கல்யாணப் பத்திரிகை ஏபிகே-யாக வந்தால் திறக்காதீர்கள்

போன வாரம் பினாங்கில் இருக்கும் என் அத்தைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. பார்த்தால் அது ஏபிகே கோப்பு. நல்லவேளை, தொடுவதற்கு முன் என்னிடம் கேட்டார். பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரும். ஏபிகே என்பது செயலி. அதை நிறுவி, குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதியும் கொடுத்துவிட்டால், பணப் பரிமாற்றத்தை உறுதிசெய்ய வங்கி அனுப்பும் டேக் எண் (ஒருமுறை மட்டும் பயன்படும் ரகசிய எண்) நேராக மோசடிக்காரன் கைக்குப் போய்விடும். தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் நிறுவாதீர்கள். அவருடைய வாட்ஸ்அப்பே பறிபோயிருக்கலாம்.

அப்புறம் ஐசி, அதாவது அடையாள அட்டை. வாடகை வீட்டுக்கு, வேலைக்கு என்று நகல் கேட்டால், குறுக்கே இரண்டு கோடு போட்டு, யாருக்கு, எதற்கு, என்ன தேதி என்று எழுதிக் கொடுங்கள்.

தெரியாதவருக்குப் பணம் அனுப்பும் முன், மலேசியப் போலீசின் செமாக் மியூல் (Semak Mule) தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைத் தட்டிப் பாருங்கள். புகார் இருந்தால் காட்டும். ஒன்றும் காட்டவில்லை என்பதால் ஆள் நல்லவர் என்று நம்பிவிட வேண்டாம்.

பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். உடனே உங்கள் வங்கியை அல்லது மலேசியாவின் தேசிய மோசடி உதவி மையத்தின் 997 எண்ணை அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் தடுக்க முயல்வார்கள். போலீஸ் புகாரை அதற்குப் பிறகு செய்யலாம்.