புது ஸ்பிரிங் போட்ட பிறகும் கார் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

புது ஸ்பிரிங் மாட்டிய வண்டியை வெளியே எடுத்து நிறுத்தி, பத்தடி தள்ளி நின்று பார்க்கிறீர்கள். ஒரு பக்கம் தூக்கலாகவும் மறுபக்கம் தாழ்வாகவும் தெரிகிறது. செலவழித்த பணத்தையும் நாளையும் நினைத்து மனசு எப்படி நொந்துபோகும் என்று எனக்குத் தெரியும்.

என்னிடம் இருப்பது 1996 மாடல் மெர்சிடிஸ் டபிள்யூ124. 1995-ல் புனேயில் பூட்டத் தொடங்கினார்களே, அந்த வரிசை. முன்பக்க ஸ்பிரிங் இரண்டையும் மாற்றிய அன்று இடதுபக்கம் வலதைவிட 17 மிமீ உயரமாக நின்றது. "ஸ்பிரிங்தான் சார் கோளாறு. ரெண்டையும் இடம் மாத்திப் போட்டுப் பார்ப்போம், சரியா வரலைன்னா உசரமா இருக்கிறதுல அரைச் சுத்து வெட்டிடலாம்" என்றார்கள் பட்டறையில். நல்லவேளையாக வெட்டவில்லை. ஸ்பிரிங்கில் ஒரு குறையும் இல்லை என்று இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது.

வண்டியின் உயரத்தை ஸ்பிரிங் மட்டும் முடிவு செய்வதில்லை. அது உட்காரும் ரப்பர், சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் ஆர்மின் புஷ், இடது வலது சக்கரங்களை இணைக்கும் ஸ்டெபிலைசர் பார், எதிர் மூலையில் இருக்கும் ஸ்பிரிங், நிறுத்தியிருக்கும் தரை எல்லாமே அதில் கை வைக்கும். ஒரே டப்பாவில் ஜோடியாக வந்த புது ஸ்பிரிங்கை மற்ற எல்லாவற்றையும் பார்த்த பிறகு, கடைசியாகச் சந்தேகப்படுங்கள்.

கண்ணால் அளப்பது

வேலைக்கு முன் நான்கு சக்கரத்திலும் உயரத்தை அளந்து எழுதி வைக்காதது முதல் தவறு. நானும் எழுதி வைக்கவில்லை. அதனால் சாய்வு முன்பே இருந்ததா, புதிதாக வந்ததா என்று சொல்ல என்னிடம் எண்ணே இல்லை. ஐந்து நிமிட வேலை அது.

தரையிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளப்பது வழக்கம். டயர் தேய்மானமும் காற்றும் தரையின் வாட்டமும் அந்த அளவுக்குள் கலந்துவிடும். சக்கரத்தின் நட்ட நடு மையத்திலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை அளந்தால் டயர் கணக்கில் வராது. ஆனாலும் தரையின் வாட்டத்தை விட்டுவிட முடியாது. பட்டறைத் தரை தண்ணீர் வடிவதற்காகச் சரிவாகவே போடப்பட்டிருக்கும். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். தண்ணீர் நிரப்பிய அந்த ஒளி ஊடுருவும் குழாயின் இரண்டு முனைகளையும் இரண்டு சக்கரங்களின் பக்கத்தில் பிடித்தால், தரை எத்தனை மில்லிமீட்டர் வாட்டம் என்று பளிச்சென்று தெரியும். வீல் அலைன்மென்ட் கடையின் மேடை கிடைத்தால் இன்னும் நல்லது.

பழைய வண்டியில் ஃபெண்டரையும் முழுதாக நம்பக் கூடாது. எப்போதோ இடித்து, டிங்கரிங் செய்து, பட்டி பூசிய விளிம்பு அரை அங்குலம் ஏறியோ இறங்கியோ இருக்கலாம். மெர்சிடிஸின் சொந்த அளவு முறை இதனால்தான் ஃபெண்டர் பக்கமே போவதில்லை. முன்னால் லோயர் ஆர்மின் சாய்வையும் பின்னால் ஆக்ஸில் தண்டின் சாய்வையும் அது கேட்கும். அந்தக் கருவி நம்மிடம் இருக்காது. ஆனால் சேஸிஸில் இரு பக்கமும் ஒத்த இடத்தில் இருக்கும் போல்ட்டையோ ஜாக்கி வைக்கும் இடத்தையோ தரையிலிருந்து அளந்து, ஃபெண்டர் அளவோடு ஒப்பிடலாம். இரண்டும் வேறு கதை சொன்னால் கோளாறு தகரத்தில்.

டயர் காற்று, டீசல் அளவு, டிக்கியில் கிடக்கும் சாமான்களை முதலிலேயே சரி பார்த்துவிடுங்கள். ஒரு சக்கரத்தில் 1 மிமீ இறங்க 20 நியூட்டன் விசை வேண்டும் என்று வைத்துக்கொண்டால், அங்கே 10 கிலோ கூடினாலே ஏறக்குறைய 5 மிமீ இறங்கிவிடும்.

இன்னொன்று, ஜாக்கியை இறக்கியதும் அளக்காதீர்கள். தொங்கிய சக்கரம் தரையைத் தொடும்போது உள்வாங்கிய நிலையில் இருக்கும். வண்டி கீழே இறங்க அது வெளியே நகர வேண்டும், டயரோ தரையைப் பிடித்துக்கொண்டு நகர மறுக்கும். பத்து மீட்டர் முன்னும் பின்னும் உருட்டி, நான்கு மூலையிலும் அமுக்கிவிட்ட பிறகு டேப்பை எடுங்கள்.

சக்கரம் தொங்கும்போது புஷ் போல்ட்டை இறுக்குவது

நான் பார்த்ததில் அதிகமாக நடக்கும் தவறு இது. என் வண்டியின் 17 மிமீயில் பெரும்பகுதியும் இதனால்தான் வந்தது.

லோயர் ஆர்ம் பாடியோடு சேரும் இடத்தில் ரப்பர் புஷ் இருக்கிறது. உள்ளே ஒரு இரும்புக் குழல், வெளியே ஒரு இரும்புக் குழல், நடுவில் இரண்டோடும் ஒட்டி வார்த்த ரப்பர். போல்ட்டை இறுக்கியதும் உள்குழல் பிராக்கெட்டோடு கவ்விக்கொள்ளும், அதன் பிறகு அசையாது. ஆர்ம் மேலும் கீழும் ஆடும்போது பேரிங் மாதிரி எதுவும் சுழல்வதில்லை, நடுவில் இருக்கும் ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு விடுகிறது. ஆக, எந்த நிலையில் போல்ட்டை இறுக்குகிறோமோ அதுதான் அந்த ரப்பருக்கு ஓய்வு நிலை.

லிஃப்டில் வண்டி ஏறி நிற்கும்போது சக்கரம் முழுக்கத் தொங்கும். அங்கேயே "இறுக்கியாச்சு" என்று முடித்துவிட்டால், தரையில் இறக்கியதும் ஆர்ம் மேலேறி ரப்பர் முறுக்கேறியபடியே நிற்கும். பழைய நிலைக்குத் திரும்பத் துடிக்கும் அந்த ரப்பர் ஆர்மைக் கீழே தள்ளும், பாடியை மேலே தூக்கும். கணக்கில் வராத இன்னொரு ஸ்பிரிங் அது. இரண்டு பக்கமும் இப்படி இறுக்கினால் வண்டி மொத்தமும் தூக்கலாக நிற்கும். ஒரு பக்கம் மட்டும் என்றால் சாய்ந்து நிற்கும். எப்போதும் முறுக்கிலேயே கிடக்கும் ரப்பர் சீக்கிரமே கிழிந்தும் போகும், அது தனிச் செலவு.

எங்கள் வண்டியில் இடதுபக்கப் போல்ட்டுகளை ஒருவர் தொங்கும் நிலையில் இறுக்கியிருந்தார். வலதுபக்கத்தைச் சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு வேறொருவர், வண்டியை இறக்கிய பின் இறுக்கியிருந்தார். மறுநாள் தரையில் நிற்கும்போது இடது போல்ட்டுகளைத் தளர்த்தியதும் டக்கென்று ஒரு சத்தம். அமுக்கிவிட்டு அளந்தால் 17 இருந்த இடத்தில் 6.

சரியான முறை எளிது. புஷ் போல்ட்டுகளைக் கையிறுக்கமாக மட்டும் விட்டு, சக்கரம் மாட்டி, இறக்கி, உருட்டி, அமுக்கிவிட்டு, வண்டியின் முழு எடையும் சக்கரத்தில் இருக்கும்போது குழியிலோ அலைன்மென்ட் மேடையிலோ வைத்துக் கடைசி முறுக்கைக் கொடுங்கள். அதற்கு வசதி இல்லையென்றால், சேஸிஸைப் பலமான ஸ்டாண்டுகளில் நிறுத்தி, லோயர் ஆர்முக்குக் கீழே ஜாக்கி வைத்து, சக்கர மையத்துக்கும் ஃபெண்டருக்கும் இடையே வழக்கமான உயரம் வரும்வரை தூக்கி அந்த நிலையில் இறுக்கலாம். டபிள்யூ124-ல் இந்த முன் போல்ட்டுகளின் வழியாகத்தான் கேம்பரும் காஸ்டரும், அதாவது சக்கரம் சாய்ந்து நிற்கும் கோணங்களை, வைக்கிறார்கள். பழைய நிலையைக் கோடு போட்டுக் குறித்துக்கொள்ளாமல் தளர்த்தக் கூடாது, இறுக்கிய பிறகு அலைன்மென்ட் பார்க்காமல் விடவும் கூடாது.

ஸ்பிரிங் முனையும் ரப்பர் தட்டும்

மிச்சமிருந்த 6 மிமீக்குக் காரணம் ஸ்பிரிங் உட்கார்ந்திருந்த விதம். கீழே ஸ்பிரிங் உட்காரும் கிண்ணத்தில் ஒரு படி இருக்கும். சுருளின் வெட்டுமுனை அந்தப் படியை ஒட்டி நிற்க வேண்டும். கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தால் முனை படியின் மேலேறி, அந்தப் பக்கம் தூக்கிவிடும். கம்பியே 10 மிமீக்கு மேல் தடிமன் உள்ளது என்பதால் இது சின்ன விஷயம் இல்லை. ஸ்பிரிங்கை இறக்கும்போது டார்ச் அடித்து, முனை எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டே மேலே போக வேண்டும்.

ஸ்பிரிங்கின் மேல்முனையில் ஒரு ரப்பர் தட்டு வரும். பழைய மெர்சிடிஸ் வண்டிகளில் இந்தத் தட்டுகளே உயரத்தைத் திருத்தும் கருவி. விளிம்பில் இருக்கும் புடைப்புகளை எண்ணினால் தடிமன் தெரிந்துவிடும். ஒரு புடைப்பு 8 மிமீ, இரண்டு 13, மூன்று 18, நான்கு 23. இடது தட்டை வலதில் மாற்றிப் போட்டாலோ, ஒரு பக்கம் புதியதும் மறுபக்கம் நைந்துபோன பழையதுமாகப் போட்டாலோ வண்டி சாய்ந்துதான் நிற்கும். கழற்றும்போதே எந்தப் பக்கம் எது என்று சாக்பீஸால் எழுதிவிடுங்கள்.

தட்டை மாற்றித் திருத்தும்போது ஒரு கணக்கு இருக்கிறது. இந்த வண்டியில் ஸ்பிரிங் சக்கரத்துக்கு நேராக இல்லை, ஆர்மில் உள்ளே தள்ளி உட்கார்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட அமைப்பில் தட்டில் 5 மிமீ கூட்டினால் சக்கரத்தில் அதைவிட அதிகமாக ஏறும். ஸ்பிரிங் ஆர்மின் சரிபாதியில் இருந்தால் 5 என்பது 10 ஆகிவிடும். ஸ்விஃப்ட் மாதிரி முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பரைச் சுற்றியே ஸ்பிரிங் நிற்கும் அமைப்பு) உள்ள வண்டிகளில் ஏறக்குறைய போட்டது போட்டபடியே தெரியும்.

சில வண்டிகளுக்கு இடது ஸ்பிரிங்கும் வலது ஸ்பிரிங்கும் வேறு வேறு. லேண்ட் ரோவர் டிஃபெண்டரில் ஓட்டுநர் பக்கத்து முன் ஸ்பிரிங்குக்குத் தனி எண் உண்டு. சுருளில் பூசிய பெயின்ட் கோட்டையும் பார்ட் நம்பரையும் மாட்டுவதற்கு முன்னால் படித்துவிட்டால் பாதித் தலைவலி வராது.

தாழ்ந்த மூலையையே முறைத்துக்கொண்டிருப்பது

நான்கு கால் ஸ்டூலில் ஒரு காலுக்குக் கீழே அட்டை வைத்தால் என்ன ஆகும்? அந்தக் காலும் அதன் எதிர் மூலைக் காலும் எடையைத் தாங்கும், மற்ற இரண்டும் லேசாகும். காரும் அப்படித்தான். வலது பின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் வலது பின் தாழ்வதோடு இடது முன் எழும்பி நிற்கும். முன்னால்தானே ஸ்பிரிங் மாற்றினோம் என்று முன்பக்கத்தையே நாள் முழுக்க நோண்டிக்கொண்டிருப்போம்.

இதைக் கண்டுபிடிக்கப் பழைய ஆட்களிடம் ஒரு வழி உண்டு. பின்பக்கத்தை டிஃபரன்ஷியல் என்ற கியர் பெட்டிக்குக் கீழே, நடுவில் ஒரே ஜாக்கியால் பின்சக்கரங்கள் தரையை விடும்வரை தூக்க வேண்டும். முன்சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிடுங்கள், யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. இப்போது பின்பக்கம் ஒற்றைப் புள்ளியில் நிற்பதால் அது வண்டியை எந்தப் பக்கமும் சாய்க்க முடியாது. முன்பக்கம் தன் இயல்பில் நிற்கும். இந்த நிலையில் முன் உயரம் சமமாக வந்தால் கோளாறு பின்னால், சாய்வு அப்படியே இருந்தால் முன்னால். ஸ்விஃப்ட் போன்ற வண்டிகளில் இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் பீமின் நடுவில் ஜாக்கி வைக்கக் கூடாது, வளைந்துவிடும். அங்கே முன்பக்க கிராஸ் மெம்பரின் நடுவைத் தூக்கி, பின்பக்கத்தைப் பாருங்கள்.

ஸ்டெபிலைசர் பாரையும் மறக்க வேண்டாம். அதன் முனைகளைப் பிடித்திருக்கும் இரண்டு பக்கத்து லிங்க் ராடும் ஒரே நீளம் இல்லையென்றாலோ, பார் வளைந்திருந்தாலோ அது ஒரு பக்கத்தைத் தூக்கி மறுபக்கத்தை இழுத்துப் பிடிக்கும். ஒரு லிங்கைக் கழற்றியதும் வண்டி மட்டமானால் குற்றவாளி அகப்பட்டது.

வெட்டுவது, சுடுவது, ரப்பர் செருகுவது

இந்த மூன்றையும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். சுருளை வெட்டினால் உயரம் குறைவதோடு ஸ்பிரிங் விறைப்பாகவும் ஆகிறது. சுருள் எண்ணிக்கை குறைந்தால் கம்பி வளைந்துகொடுக்க நீளம் இல்லை. கிண்ணத்தில் உட்கார முனையும் இல்லை. கேஸ் வெல்டிங் நெருப்பில் சுட்டு இறக்கினால் எஃகின் பதம் போய்விடும், என்றைக்கு உடையும் என்று சொல்ல முடியாது. சுருள்களுக்கு நடுவே செருக விற்கும் ரப்பர் பஃபரைத் தாழ்ந்த பக்கத்தில் மட்டும் வைத்தால், நிறுத்திய வண்டி மட்டமாகத் தெரியும். ஆனால் இரண்டு பக்கமும் இரண்டு விதமான விறைப்பு. மழையில் வேகமாக ஒரு வளைவு திரும்பும்போதுதான் அதன் பலன் தெரியும், அப்போது வண்டிக்குள் நம் பிள்ளைகள் இருப்பார்கள்.

இந்த வண்டியின் ஸ்பிரிங்கைக் கழற்ற சுருளுக்கு உள்ளிருந்து பிடித்து அழுத்தும் ஸ்பிரிங் கம்ப்ரஸர் வேண்டும். வெளிக்கொக்கி வைத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். அழுத்திய ஸ்பிரிங் நழுவினால் கையோ உயிரோ போகும்.

புது ஸ்பிரிங் முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் அமர்ந்து இறங்கும். அதனால் முதல் நாளே தட்டுகளை மாற்றத் துடிக்க வேண்டாம். 5 மிமீ வித்தியாசத்துக்கு நான் கவலைப்பட மாட்டேன், 10-ஐத் தாண்டினால் மேலே சொன்ன வரிசையில் தேடுவேன். என் வண்டியில் ஸ்பிரிங் முனையைத் திருப்பி வைத்த பிறகு வித்தியாசம் 2 மிமீக்கு வந்தது. 500 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி அளந்தேன், இரண்டு பக்கமும் ஒரே அளவாக 4 மிமீ இறங்கியிருந்தன. அதற்கு அப்புறம்தான் வீல் அலைன்மென்ட்டுக்கு எடுத்துப் போனேன், அன்றைக்கே ஹெட்லைட் வெளிச்சத்தையும் இறக்கி வைத்தேன்.