வெடிப்புக்கு முந்தைய பத்து நிமிடம்: பராமரிப்பு இல்லங்களில் நெருக்கடியைக் கையாளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அன்றாட வாழ்வுக்குப் பிறர் உதவி தேவைப்படுபவர்கள் தங்கியிருக்கும் பராமரிப்பு இல்லங்களின் சம்பவப் பதிவேட்டைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் இப்படித்தான் இருக்கும்: "திடீரென்று கோபப்பட்டார். பொருளை எறிந்தார். பணியாளரை அடித்தார். அமைதிப்படுத்தப்பட்டார்." நடந்தது இதுதான். ஆனால் அடுத்த முறை இது நடக்காமல் பார்த்துக்கொள்ள இதில் ஒரு சொல்கூட உதவாது. ஒருவர் ஏன் இப்படி நடந்துகொள்கிறார் என்று பதிவுகளின் வழியே ஆராயும் நடத்தைப் பகுப்பாய்வின் பெரும்பகுதி, இல்லம் அமைதியாக இருக்கும்போது செய்ய வேண்டிய வேலை. ஒருவர் கத்திக்கொண்டிருக்கும்போது அதைத் தேடினால் கைக்குக் கிடைப்பது பலப்பிரயோகம் மட்டுமே.

"திடீரென்று" என்று எழுதுவது

எந்த நடத்தைக்கும் ஒரு முன்நிகழ்வும் ஒரு பின்விளைவும் உண்டு. முன்நிகழ்வு, நடத்தை, பின்விளைவு என்று மூன்று கட்டங்களாக எழுதும் ஏபிசி பதிவு (இந்த மூன்றின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகள்) 1968 முதலே இந்தத் துறையில் இருக்கிறது. அந்தத் தாள் பல இல்லங்களிலும் உண்டு. முதல் கட்டத்தில் "காரணம் இல்லை" என்று எழுதிவிடுவதுதான் சிக்கல்.

அதே சம்பவத்தை ஒழுங்காக எழுதினால் எப்படி இருக்கும்? ஓர் எடுத்துக்காட்டு:

"மாலை 6.40. கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். பணியாளர் பின்பக்கமாக வந்து டிவியை அணைத்துவிட்டு, 'வாங்க, குளிக்கப் போகலாம்' என்றார். பதில் இல்லை. மறுபடி சொல்லித் தோளைத் தொட்டார். அவர் விரலைக் கடித்துக்கொண்டு முனகினார். மூன்றாவது முறை கூப்பிட்டதும் ரிமோட்டை எறிந்து, பணியாளரின் கையில் இரண்டு முறை அடித்தார். பணியாளர் விலகிப் போனார். அன்று குளியல் நடக்கவில்லை. 7.05க்கு டிவி மறுபடி போடப்பட்டது."

இதில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். பிடித்த ஒன்று முன்னறிவிப்பின்றிப் பறிபோனது, பிடிக்காத ஒன்று உடனே வந்து நின்றது. விரலைக் கடிப்பதும் முனகுவதும் அவருடைய முன்னறிகுறிகள். அடித்ததால் குளியலிலிருந்து தப்பித்தார், டிவியும் திரும்பக் கிடைத்தது. நாளைக்கும் அவர் அடிப்பார். அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம்.

"முரண்டு பிடித்தார்", "வன்முறையாக நடந்தார்" என்பவை நடத்தைகள் அல்ல, நம்முடைய தீர்ப்புகள். கையை ஓங்கியது, ஓங்கிய கை ஆள்மேல் பட்டது, எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்று எழுத வேண்டும். சோதித்துப் பார்க்க எளிய வழி: இரண்டு பணியாளர்கள் ஒரே அரைமணி நேரத்தைத் தனித்தனியே பார்த்து எண்ணட்டும். எண்ணிக்கை 80 சதவீதமாவது ஒத்துப்போகவில்லை என்றால் வரையறையைத் திருத்துங்கள். அதுவரை அந்த எண்களை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

ஏபிசி தாளோடு, ஒரு முழு நாளையும் அரைமணி நேரக் கட்டங்களாகப் பிரித்த ஓர் அட்டவணையும் சுவரில் இருக்கட்டும். சம்பவம் நடந்த கட்டத்தைக் கறுப்பாக்கினால் போதும். இரண்டு வாரத்தில், ஷிஃப்ட் மாறும் நேரம், உணவுக்கு முந்தைய காத்திருப்பு, ஆள் குறைவாக இருக்கும் ஞாயிறு மதியம் என்று கறுப்பு எங்கே குவிகிறது என்பது தெரிந்துவிடும். ஒரு காசு செலவில்லாத இந்த வேலையைச் செய்யாமலே பெரிய பெரிய திட்டங்கள் எழுதப்படுகின்றன.

உடம்பைப் பார்க்காமல் திட்டம் எழுதுவது

பேச முடியாதவருக்குப் பல்வலி வந்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம். மலச்சிக்கல், காதுத் தொற்று, சிறுநீர்த் தொற்று, நெஞ்செரிச்சல், மாதவிடாய் வலி, தூக்கமின்மை எல்லாமே நடத்தையாக வெளியே வரும். புதிதாகத் தொடங்கிய சில மருந்துகள், உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் ஆளைத் தவிக்கவிடும். அதைப் பார்த்துவிட்டு "கிளர்ச்சி கூடிவிட்டது" என்று மருந்தின் அளவைக் கூட்டுவதும் நடக்கிறது. அவருக்கு இழைக்கும் பெரிய கொடுமை அது.

நீண்டகாலமாக ஒரே சீராக இருந்த பதிவு சட்டென்று மாறினாலோ, யாரும் எதுவும் கேட்காத நள்ளிரவிலும் நடந்தாலோ, முதலில் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். கடைசி ஏழு நாட்களின் தூக்கம், மலம் கழித்த நாட்கள், சாப்பிட்ட அளவு, மருந்து மாற்றிய தேதி ஆகியவற்றைச் சம்பவ அட்டவணையின் பக்கத்திலேயே எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

எல்லா நடத்தைக்கும் ஒரே மருந்து

1982இல் நடத்தை ஆய்வாளர் பிரையன் ஐவாட்டாவும் அவருடைய குழுவினரும் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் நடத்தையை வெவ்வேறு சூழல்களில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பார்வைக்கு ஒரே மாதிரி இருந்த நடத்தை ஆளுக்கு ஆள் வேறு வேறு பயனைத் தந்துகொண்டிருந்தது. பொதுவாக அந்தப் பயன்கள் நான்கு: கவனம் கிடைப்பது, ஒரு வேலையிலிருந்து அல்லது சூழலிலிருந்து தப்பிப்பது, விரும்பிய பொருள் கிடைப்பது, அந்தச் செயலே உடம்புக்குத் தரும் உணர்வு.

இதைப் பார்க்காமல் "அடித்தால் அறைக்கு அனுப்பு" என்று எல்லோருக்கும் ஒரே விதி போடுவதுதான் இல்லங்களில் அதிகம் காணும் தவறு. கவனத்துக்காக அடிப்பவருக்கு அது ஓரளவு வேலை செய்யலாம். சத்தமும் கூட்டமும் தாங்காமல் அடிப்பவருக்கோ அது பரிசு. அறைக்குப் போக வேண்டும் என்றால் யாரையாவது அடிக்க வேண்டும் என்று அவர் புரிந்துகொள்கிறார். பதிவேட்டில் அறைக்கு அனுப்பிய எண்ணிக்கை மாதாமாதம் ஏறுகிறதா? விதி அவருக்கு எதிர்த்திசையில் வேலை செய்கிறது என்று பொருள்.

ஒரு எச்சரிக்கை. நடத்தையை வேண்டுமென்றே வரவழைத்துச் சோதிக்கும் செயல்பாட்டுப் பகுப்பாய்வை, பயிற்சி பெற்ற நிபுணரும் மருத்துவ ஏற்பாடும் இல்லாமல் இல்லத்தில் செய்து பார்க்கக் கூடாது. நேரடிப் பதிவும், அவரை நன்கு அறிந்த இரண்டு மூன்று பேரின் நேர்காணலும் ஆபத்தில்லாத தொடக்கம்.

உச்சத்தில் புத்தி சொல்வது

நெருக்கடி ஓர் அலைபோல எழுந்து அடங்கும். அமைதி, தூண்டல், பதற்றம், வேகமெடுப்பு, உச்சம், தணிவு, மீட்சி என்று ஏழு படிகளாக அதைப் பிரித்துப் பார்ப்பது வழக்கம். பேச்சுக்கும் தேர்வுகளுக்கும் இடமிருப்பது முதல் மூன்று படிகளில்தான். உச்சத்தில் இருப்பவருக்கு "இப்படிச் செய்தால் வெளியே போக முடியாது, தெரியும்ல" என்று சொல்வதால் அவர் எதையும் கற்றுக்கொள்வதில்லை. இன்னொரு அச்சுறுத்தல் வந்து சேர்ந்தது, அவ்வளவுதான்.

உச்சத்தில் ஒருவர் மட்டும் பேச வேண்டும். நான்கைந்து சொல்லுக்கு மேல் வேண்டாம். சொல்லிவிட்டு குறைந்தது பத்து விநாடி வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். இந்தப் பத்து விநாடிதான் எல்லோருக்கும் கஷ்டமாக இருக்கிறது. இரண்டு கை நீளம் தள்ளி, நேருக்கு நேராக நிற்காமல் சற்றுச் சாய்வாக நில்லுங்கள். வாசலை அடைத்து நிற்காதீர்கள். அவரை இழுத்துக்கொண்டு போவதைவிட மற்றவர்களை அறையிலிருந்து வெளியே அழைத்துச் செல்வது பல நேரம் எளிது, பாதுகாப்பானதும்கூட. "என்ன ஆச்சு" என்று ஓடிவரும் ஐந்தாவது ஆளுக்கு அங்கே வேலையில்லை.

சத்தம் அடங்கியதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைப்பது இதன் தொடர்ச்சியான தவறு. உடம்பின் படபடப்பு தணிய அரைமணியோ அதற்கு மேலோ ஆகலாம். ஐந்தாவது நிமிடத்தில் "சரி, இப்போ உடைச்சதைப் பொறுக்குங்க" என்று சொன்னால் இரண்டாவது வெடிப்பு வரும். அது முதலாவதைவிடப் பெரிதாகவும் இருக்கலாம்.

முன்னறிகுறிக்குப் பதில் தர மறுப்பது

"விரலைக் கடிக்கும்போதே விட்டுக்கொடுத்தால் பழகிவிடாதா?" பணியாளர்கள் இதைக் கேட்காத கூட்டம் கிடையாது. நியாயமான கேள்விதான். ஆம், விரலைக் கடிப்பது கூடலாம். ஆனால் ஏதோ ஒரு படியில் நீங்கள் விட்டுக்கொடுக்கத்தான் போகிறீர்கள். மூக்கில் குத்து வாங்கிக்கொண்டு அதைச் செய்வதைவிட முன்னறிகுறியிலேயே செய்வது எவ்வளவோ மேல். தினமும் முன்னறிகுறியைக் கண்டும் காணாமல் விட்டால், "இது போதாது, இன்னும் பெரிதாகச் செய்" என்று கற்பிக்கிறோம்.

அதிலும் நல்லது, அந்த நொடியில் சொல்லவோ சைகை காட்டவோ உதவுவது. மேலே எடுத்துக்காட்டில் வந்தவர் விரலை வாய்க்குக் கொண்டுபோனதும் "அப்புறம்" என்று எழுதிய அட்டையை நீட்டுங்கள். அவர் தொட்டாலே ஐந்து நிமிடம் குளியலைத் தள்ளிப்போடுங்கள். நடத்தை தரும் அதே பயனைப் பேச்சின் வழியே பெறக் கற்றுக்கொடுக்கும் இந்த முறையை 1985இல் எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் என்ற ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள். அது பலிக்க வேண்டுமானால் புதிய வழி, அடிப்பதைவிட எளிதாக இருக்க வேண்டும்; தொடக்கத்தில் ஒவ்வொரு முறையும் உடனே பலன் தர வேண்டும். அட்டை அலமாரியில் பூட்டியிருந்தால் கை ரிமோட்டைத்தான் தேடும். காத்திருக்கும் நேரத்தையும் செய்ய வேண்டிய பங்கையும், அவர் அட்டையை நன்றாகப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகே சிறிது சிறிதாகக் கூட்டலாம்.

"கண்டுகொள்ளாதே" என்று மட்டும் சொல்வது

இதுவரை கிடைத்த பயனை நிறுத்தினால் நடத்தை குறையும் முன் சில நேரம் ஏறும்: சத்தம் கூடும், அடி பலமாகும், புதிய வடிவம் வரும். இதற்குத் தயாராகாமல் தொடங்கி, மூன்றாம் நாள் தாங்க முடியாமல் இரவு ஷிஃப்ட் விட்டுக்கொடுத்தால், தொடங்கியதைவிட மோசமான இடத்தில் நிற்போம். எப்போதாவது ஒருமுறை பலன் தரும் நடத்தை எளிதில் போகாது. ஆளுக்கு ஆபத்தான நடத்தையில் கண்டுகொள்ளாமை தனித்து நிற்கவே கூடாது.

கவனத்துக்காகக் கத்துபவருக்கு, கத்தாமலே கவனம் கிடைக்கும்படி செய்யுங்கள். கணக்கு எளிது. காலை 8 முதல் மாலை 4 வரை 480 நிமிடம். நாளுக்குச் சராசரி 16 முறை கத்துகிறார் என்றால் 30 நிமிடத்துக்கு ஒருமுறை. ஆகவே 25 நிமிடத்துக்கு ஒருமுறை நீங்களே போய் இரண்டு நிமிடம் பக்கத்தில் உட்காருங்கள். போகும் நொடியில் கத்திக்கொண்டிருந்தால் அது அடங்கிச் சில விநாடி ஆகட்டும். சில நாள் அமைதியாகப் போனால் இடைவெளியை ஐந்து நிமிடம் கூட்டுங்கள். கத்தல் திரும்பினால் பழைய இடைவெளிக்கே வாருங்கள். "யாருக்கு நேரமிருக்கிறது" என்பார்கள். 25 நிமிடத்துக்கு இரண்டு நிமிடம் என்றால் ஷிஃப்ட் முழுக்க 40 நிமிடம்கூட ஆகாது. தினமும் 16 கத்தல்களுக்கு ஓடுவதற்கு இதைவிட அதிகம் போகிறது.

பிடித்து அடக்குவதைத் திட்டமாக்குவது

உடலைப் பிடித்து அடக்குவது சிகிச்சை அல்ல, தண்டனையாகவும் ஒருபோதும் இருக்கக் கூடாது. உடனடி உடல் ஆபத்து இருக்கும்போது, பயிற்சி பெற்றவர்கள், அந்தந்த இடத்தின் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு, மிகக் குறைந்த நேரம் கையாளும் கடைசி வழி அது. குப்புறப் படுக்கவைத்தாலோ, முதுகிலோ மார்பிலோ வயிற்றிலோ பாரம் வைத்தாலோ மூச்சு நின்று ஆள் இறந்துபோகலாம். அப்படி இறந்தவர்கள் இருக்கிறார்கள். "பேசுகிறாரே, அப்போ மூச்சு விடுகிறார்" என்பது உயிரைப் பறித்த தவறான நம்பிக்கை. சில சொற்கள் பேசும் அளவுக்குக் காற்று இருந்தாலும் உடம்புக்குப் போதிய காற்று போகாமல் இருக்கலாம். "மூச்சு முட்டுது" என்றால் அந்த நொடியே விட்டுவிட வேண்டும், வாதாடக் கூடாது. திமிறிக்கொண்டிருந்தவர் சட்டென்று தளர்ந்து அமைதியானால் அதை வெற்றி என்று எண்ணாமல் உடனே மூச்சையும் நாடியையும் பாருங்கள்.

பிடித்து அடக்குவதில் கைவைக்காத ஒருவர் கட்டாயம் உடனிருக்க வேண்டும். முகம், உதட்டின் நிறம், மூச்சு, கடிகாரம் இவற்றைப் பார்ப்பது மட்டுமே அவருடைய வேலை. நிறுத்தச் சொல்லும் அதிகாரமும் அவருக்கே.

காகிதத்தில் பயிற்சி, காற்றில் ஹேண்டோவர்

முப்பது பக்கத் திட்டத்தைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவதைப் பயிற்சி என்கிறார்கள். சொல்லிக்கொடுத்து, செய்து காட்டி, செய்யவைத்து, அந்த இடத்திலேயே திருத்தினால்தான் கைக்கு வரும். நெருக்கடித் திட்டம் ஒரே பக்கத்தில் இருக்கட்டும்: இவருடைய முன்னறிகுறிகள், ஒவ்வொன்றுக்கும் நாம் செய்வது, சொல்லக் கூடாத சொற்கள், யாரை அழைப்பது.

சம்பவத்துக்குப் பிந்தைய கூட்டம் 24 மணி நேரத்துக்குள் நடக்க வேண்டும். "யார் தவறு" என்று தொடங்கினால் அடுத்த முறை யாரும் உண்மையை எழுத மாட்டார்கள். "முதல் அறிகுறி எத்தனை மணிக்கு, அதற்கு நாம் என்ன செய்தோம்" என்று கேளுங்கள். அங்கே வாழ்பவரிடமும் அவருக்குப் புரியும் வழியில், படம் காட்டியாவது கேளுங்கள்.

அடி வாங்கிய பணியாளருக்கு முதலுதவியும், உட்கார்ந்து மூச்சு வாங்க இடமும் கொடுங்கள். அன்று மாலையே அவரை அதே அறைக்கு அனுப்ப வேண்டாம். ஷிஃப்ட் மாறும்போது "இன்னைக்கு ஒரு மாதிரி இருக்காரு" என்று விட்டுவிடாமல், "நேத்து ராத்திரி மூணு மணி நேரம்தான் தூங்கினார், காலையிலிருந்து ரெண்டு தடவை விரலைக் கடிச்சார், குளியல் இன்னும் ஆகலை" என்று சொல்லிவிட்டுப் போங்கள். அடுத்து வருபவர் டிவியை அணைக்கும் முன் அட்டையை எடுத்துக்கொள்வார்.