எவன்ஸ் கேம்பிட்: நாலாவது நகர்த்தலிலேயே சிப்பாயைத் தூக்கிக் கொடுத்துவிட்டு ஆடுவது எப்படி?

செஸ்ஸில் ஆட்டத் தொடக்கத்திலேயே ஒரு காயைக் கொடுத்து அனுகூலம் தேடுவதுதான் கேம்பிட். செஸ் போர்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வெள்ளை. முதலில் இ4, அவர் இ5 (எழுத்து நெடுக்கு வரிசை, எண் குறுக்கு வரிசை; காய் பெயர் சொல்லாவிட்டால் சிப்பாய்). குதிரையை எஃப்3-க்கு எடுங்கள், அவர் குதிரை சி6-க்கு வரும். உங்கள் பிஷப் சி4, அவருடையது சி5. இதுவரை எல்லாரும் ஆடுவதுதான்.

இப்போது பி4! கறுப்பு பிஷப்பின் வாயிலேயே சிப்பாயை வைக்கிறோம். 1820-களில் வில்லியம் டேவிஸ் எவன்ஸ் என்ற கப்பல் கேப்டன் கண்டுபிடித்த வேலை இது. அது வெட்டியதும் சி3 தள்ளினால் பிஷப் மறுபடி ஓட வேண்டும், அது ஓடுகிற நேரத்தில் நாம் டி4 தள்ளி நடுப்போர்டைப் பிடிக்கிறோம். சிப்பாயை விற்று நேரம் வாங்கியாயிற்று, அதனால் அதைத் திரும்பப் பிடிக்க அலையாதீர்கள். அவர் ராஜா நடுவிலேயே மாட்டிக்கொள்ள வேண்டும், அதுதான் நம் குறி.

பிஷப் ஏ5-க்குப் போனால்: டி4, அவர் வெட்டுவார், நீங்கள் கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றி ராஜாவை ஓரமாகப் பத்திரப்படுத்துவது). பேராசையில் சி3-யையும் வெட்டினால் ராணியை பி3-க்குக் கொண்டுவந்து, பிஷப்போடு சேர்த்து எஃப்7-ஐக் குறிவையுங்கள். அவர் ராணி எஃப்6-க்கு வந்து காக்கும், நீங்கள் இ5. அதைக் குதிரையால் வெட்டினால் யானையை இ1-க்கு நகர்த்துங்கள், பின்னால் அவர் ராஜா இருப்பதால் குதிரை அசைய முடியாது. டி6 தள்ளிக் காத்தால் ராணி பி5, செக். கூடவே ஏ5 பிஷப்பும் காலி.

விவரமானவர்கள் பிஷப்பை இ7-க்கு இழுத்துக்கொள்வார்கள். 1995-இல் லாத்வியாவின் ரீகாவில் அப்போதைய உலக சாம்பியன் காஸ்பரோவுக்கு எதிராக நம்ம ஆனந்த் அதைத்தான் செய்தார். காஸ்பரோவ் ராணியை ஜி3-க்குக் கொண்டுவந்து ஜி7-ஐ மிரட்ட, ஆனந்த் ஜி6 தள்ளினார், அப்புறம் ஹெச்6-இல் வந்து உட்கார்ந்த காஸ்பரோவின் பிஷப், ஆனந்தை அந்தப் பக்கம் கேஸ்லிங் செய்ய விடவேயில்லை. இரண்டு சிப்பாய் குறைவாக வைத்துக்கொண்டே 25 நகர்த்தலில் காஸ்பரோவ் ஜெயித்துவிட்டார். ஆனந்த் ரசிகனாக எனக்குக் கடுப்புதான், ஆனால் இந்த ஓப்பனிங் கற்க இதைவிட நல்ல ஆட்டம் கிடையாது, ஒருமுறையாவது போர்டில் நகர்த்திப் பாருங்கள்.

சிப்பாயே வேண்டாமென்று பிஷப்பை பி6-க்கு எடுத்தாலும் பயமில்லை, ஏ4 தள்ளுங்கள், அடுத்து ஏ5 வந்தால் அந்த பிஷப்புக்கு நெருக்கடி.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். மூன்றாவது நகர்த்தலில் அவர் பிஷப்புக்குப் பதில் குதிரையை எஃப்6-க்கு எடுத்தால் எவன்ஸ் கேம்பிட்டே கிடையாது. பழக்க தோஷத்தில் பி4 தள்ளினால் சி6 குதிரை அதைச் சும்மா தின்றுவிட்டுப் போகும்.