நாளைத் திரும்பிப் பார்த்து ஆண்டவரின் உடனிருப்பை அறிதல்

ஞாயிறு திருப்பலியில் "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்று குருவானவர் சொல்லும்போது, "உம் ஆன்மாவோடும் இருப்பாராக" என்று நாம் தயங்காமல் மறுமொழி சொல்கிறோம். ஆனால் திங்கட்கிழமை காலையில், அலுவலக மேசையின் முன்னாலோ அரசு மருத்துவமனை வரிசையிலோ நிற்கும்போது, அதே ஆண்டவர் இங்கே என்னோடு இருக்கிறார் என்பதை எப்படி அறிந்துகொள்வது என்று கேட்டால், பக்தியுள்ளவர்கள்கூடப் பதில் சொல்லத் திணறுகிறார்கள். "செபிக்கிறேன், ஆனால் ஒன்றையும் உணரவில்லை" என்ற ஏக்கம் எல்லாப் பங்குகளிலும் கேட்கிறது. இந்த ஏக்கம் விசுவாசக் குறைவின் அடையாளம் என்று நான் நினைக்கவில்லை. தேட வேண்டிய நேரத்தை நாம் தவறாகக் கொள்வதே பெரும்பாலும் இதற்குக் காரணம்.

திருவிவிலியத்தில் ஆண்டவரின் அருகாமையை மனிதர்கள் எப்போது கண்டுகொண்டார்கள் என்று கவனித்துப் பாருங்கள். அண்ணனுக்கு அஞ்சி ஓடிய யாக்கோபு, கல்லைத் தலைக்கு வைத்து உறங்கி எழுந்த பிறகே, ஆண்டவர் இந்த இடத்தில் இருந்தும் தான் அறியவில்லையே என்கிறார். ஆண்டவரின் மாட்சியைக் காட்டும்படி கேட்ட மோசேக்கு, அவர் கடந்து சென்ற பின் அவருடைய பின்புறத்தைக் காணும் பேறு மட்டுமே கிடைக்கிறது. எருசலேமிலிருந்து ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தொலைவிலிருந்த எம்மாவு என்ற ஊருக்குச் சென்ற சீடர் இருவரும், வழியில் இயேசுவோடு நடந்தும் அவரை அடையாளம் காணவில்லை. அப்பம் பிட்கப்பட்டு, அவர் மறைந்த பிறகுதான், வழியில் அவர் பேசியபோதே தங்கள் உள்ளம் பற்றியெரிந்ததை நினைவுகூர்கிறார்கள். உடனிருப்பு அந்தந்த நேரத்திலேயே இருந்தது. அதை இனம்கண்ட அறிவோ பெரும்பாலும் பின்னாலேயே வந்தது. ஆகவே, அவரை உணர விரும்புகிறவர் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது, கடந்துபோன நேரத்தைச் செபத்தோடு திரும்பிப் பார்ப்பதைத்தான்.

இந்தத் திரும்பிப் பார்த்தலைத் திருச்சபையில் ஒரு தெளிவான பயிற்சியாக வகுத்துத் தந்தவர்களுள் முதன்மையானவர் புனித லொயோலா இஞ்ஞாசியார். 1521-ஆம் ஆண்டு பம்ப்லோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்த அவர், லொயோலாவிலிருந்த தம் குடும்ப மாளிகையில் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தார். வீரர்களின் சாகசக் கதைகளைப் படிக்கத் தரும்படி கேட்டவருக்கு, அந்த வீட்டில் கிடைத்தவை கிறிஸ்துவின் வாழ்க்கை வரலாறும் புனிதர்களின் வரலாறுகளும்தான். உயர்குலப் பெண்மணி ஒருவருக்காகத் தாம் செய்யப்போகும் வீரச்செயல்களை மணிக்கணக்கில் கற்பனை செய்வார். வேறு சில நேரங்களில், வெறுங்காலோடு எருசலேமுக்குத் திருப்பயணம் போவதையும் புனிதர்களைப்போல் வாழ்வதையும் எண்ணிப் பார்ப்பார். இரண்டு எண்ணங்களுமே அந்த நேரத்தில் இனித்தன. ஆனால் முதலாவது கலைந்தபின் உள்ளம் வறண்டு, நிறைவின்றிக் கிடந்தது. இரண்டாவது கலைந்த பின்பும் மகிழ்ச்சி தங்கியிருந்தது. ஒருநாள் இந்த வேறுபாடு அவருக்குப் புலப்பட்டது. அவர் பின்னாளில் எழுதியவை அனைத்துக்கும், 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதலைப் பெற்ற 'ஆன்மிகப் பயிற்சிகள்' என்ற நூலுக்கும், வேர் இந்தச் சிறிய கவனிப்புதான்.

அந்த நூலில், தன் உள்ளத்தையும் செயல்களையும் ஆராய்ந்து பார்க்கும் ஆன்ம சோதனைக்கு அவர் ஐந்து படிகளைத் தருகிறார்: பெற்ற நன்மைகளுக்காக நன்றி கூறுதல், தன்னை அறியும் அருளைக் கேட்டல், கடந்துபோன அந்த நாளை மணி மணியாகப் பார்த்தல், மன்னிப்புக் கேட்டல், அடுத்த நாளுக்காக உறுதி எடுத்தல். நம்மில் பலர் இதை ஒப்புரவு அருளடையாளத்துக்கு முன் பாவங்களை எண்ணும் கணக்காகவே சிறுவயதில் கற்றிருப்போம். பாவத்தைப் பார்ப்பதும் இதன் ஒரு பகுதியே. எனினும் முதல் படி நன்றி என்பதை மறந்துவிடக் கூடாது. கொடுத்தவரைப் பார்த்த கண்ணால்தான் நம் குறையையும் அச்சமின்றிப் பார்க்க முடியும்.

இனி நடைமுறைக்கு வருவோம். இரவு உணவுக்குப் பின், தூக்கம் அழுத்துவதற்கு முன், 15 நிமிடம் போதும். படுக்கையில் படுத்துக்கொண்டு செய்ய வேண்டாம். நாற்காலியிலோ பாயிலோ நிமிர்ந்து உட்காருங்கள். கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். தனி அறை இல்லாத வீடுதான் நம்மில் பலருக்கு. மொட்டை மாடிப் படியும், எல்லாரும் உறங்கிய பின் சமையலறையும் இதற்குப் போதுமானவை. சிலுவை அடையாளம் வரைந்து, ஆண்டவர் இப்போது உங்களை அன்போடு நோக்குகிறார் என்பதை ஓரிரு மூச்சு நேரம் நினைத்துக்கொள்ளுங்கள். பின், "இன்றைய நாளை உம் கண்ணால் பார்க்கச் செய்யும்" என்று தூய ஆவியாரிடம் கேளுங்கள். நம் கண்ணால் மட்டும் பார்த்தால், அந்த நாள் வெறும் வேலைப் பட்டியலாகவோ புகார்ப் பட்டியலாகவோதான் தெரியும்.

நன்றி கூறும்போது பொதுவாகப் பேச வேண்டாம். "எல்லா நன்மைகளுக்கும் நன்றி" என்ற சொற்கள் உள்ளத்தைத் தொடாமலே கடந்துவிடும். காலையில் குடிநீர் வந்தது, காய்ச்சல் இறங்கியது, மகள் பள்ளியில் நடந்ததைத் தானாகவே வந்து சொன்னாள் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லுங்கள்.

மூன்றாவது படியில்தான் அதிக நேரம் தங்க வேண்டும். ஓர் அரசுப் பள்ளி ஆசிரியையின் நாளை எடுத்துக்கொள்வோம். காலையில் பேருந்தைத் தவறவிட்ட எரிச்சலோடு வகுப்புக்குள் நுழைகிறார். வீட்டுப்பாடம் எழுதாத எட்டாம் வகுப்பு மாணவனை எழுப்பி, கடுஞ்சொல் ஒன்றைச் சொல்ல வாயெடுத்தவர், அவன் விரல்களில் பூக்கட்டும் நார் கீறிய தழும்புகளைப் பார்த்து நின்றுவிடுகிறார். "விடியற்காலையில் அம்மாவோடு பூ மார்க்கெட்டுக்குப் போனேன், டீச்சர்" என்கிறான் அவன். உணவு இடைவேளையில் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து எழுதச் சொல்கிறார். பிற்பகலில் ஆசிரியர் அறையில் தலைமையாசிரியரைப் பற்றிய வம்புப் பேச்சு. அதில் இவரும் கலந்துகொண்டு சிரிக்கிறார். வீடு திரும்பும் வழியெல்லாம் நெஞ்சில் காரணம் தெரியாத ஒரு பாரம்.

இரவில் உட்கார்ந்து இந்த நாளைப் பார்க்கும்போது, "நான் இன்று என்னென்ன செய்தேன்" என்பதைவிட, "எங்கே என் உள்ளம் விரிந்தது, எங்கே சுருங்கியது" என்று அவர் கேட்பது நல்லது. அந்தச் சிறுவனின் விரல்களைப் பார்த்த நொடியில் அவர் ஆண்டவரை நினைக்கவே இல்லை. ஆயினும் நாவின் நுனிவரை வந்த சொல் அங்கே தடுக்கப்பட்டது; எரிச்சல் இருந்த இடத்தில் இரக்கம் பிறந்தது; அதை நினைக்கும்போது இரவிலும் அமைதி தங்கியிருக்கிறது. கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தில் புனித பவுல் தூய ஆவியின் கனி என்று சொல்லும் அன்பும் பொறுமையும் பரிவும் கனிவும் இந்த உருவில்தான் நம் நாள்களுக்குள் வருகின்றன. வழி நெடுக இருந்த அந்தப் பாரமும் அவரைவிட்டு ஆண்டவர் விலகியதன் அறிகுறி ஆகாது. தவறான பக்கம் திரும்பியவரை உள்ளிருந்தே அழைக்கும் குரலாக அதையும் அவர் கேட்கலாம். இப்படி இரண்டு இடங்களில் ஆண்டவரைக் கண்டுகொண்டபின், அவற்றைப் பற்றி ஒரு நண்பரிடம் பேசும் முறையில், இயல்பான சொந்தச் சொற்களில் அவரோடு பேச வேண்டும். மன்னிப்புக் கேட்பதும் மறுநாளுக்கான உறுதியும் அந்தப் பேச்சிலிருந்து தாமாகவே எழும். உறுதி சிறியதாக இருக்கட்டும்: நாளை ஆசிரியர் அறையில் அந்தப் பேச்சு தொடங்கினால் எழுந்துவிடுவேன் என்பது போதும்.

இனிமையாகத் தோன்றுவதெல்லாம் ஆண்டவரிடமிருந்து வருவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சாத்தானும் ஒளியின் தூதனாக வேடமிடுவான் என்று பவுல் எச்சரிக்கிறார். இஞ்ஞாசியார் இதற்கு ஓர் அளவுகோல் தருகிறார்: நன்மையில் வளர விரும்புகிறவரின் உள்ளத்தில் நல்ல ஆவியின் தூண்டுதல் பஞ்சில் நீர்த்துளி இறங்குவதுபோல் மென்மையாக இறங்கும், தீய ஆவியினுடையதோ பாறைமேல் விழுந்து தெறிக்கும் துளிபோல் ஓசையோடும் கலக்கத்தோடும் வரும். "இப்போதே செய், யாரிடமும் சொல்லாதே" என்று அவசரப்படுத்தும் எண்ணத்தை, அது எவ்வளவு புனிதமாகத் தோன்றினாலும், ஒருமுறைக்குப் பலமுறை சோதித்துப் பாருங்கள். குடும்பத்தாரிடம் அன்பைக் குறைக்கும் எந்தப் பக்தி உணர்வையும் நான் நம்பமாட்டேன். கண்ணால் கண்ட சகோதரரை நேசியாதவர் காணாத கடவுளை நேசிக்க முடியாது என்று புனித யோவான் தெளிவாகவே எழுதியிருக்கிறார்.

சில வாரங்கள் இப்படிச் செய்தபின், ஒன்றுமே புலப்படாத இரவுகளும் வரும். ஆன்மிக வறட்சிக்கு இஞ்ஞாசியார் மூன்று காரணங்களைச் சொல்கிறார்: நம் சோம்பலும் அசட்டையும், ஆறுதல் என்ற கூலி இல்லாமலும் நாம் நிலைத்திருப்போமா என்ற சோதனை, ஆறுதல் நம் உழைப்பின் பயனன்று கொடையே என்று நமக்கு உணர்த்துதல். அத்தகைய நேரத்தில், முன்பு தெளிவான மனத்தோடு எடுத்த முடிவை மாற்றாதீர்கள் என்பது அவருடைய உறுதியான அறிவுரை. செபத்தைக் குறைக்காமல் சற்றுக் கூட்டவும் சொல்கிறார். கொல்கத்தாவின் அன்னை தெரசா பல பத்தாண்டுகள் இந்த இருளில் வாழ்ந்தார் என்பது, 2007-இல் அவருடைய கடிதங்கள் வெளிவந்தபோது உலகுக்குத் தெரிந்தது. உணர்வு எழாத அந்த ஆண்டுகளிலெல்லாம், மிகச் சிறியோர்க்குச் செய்ததை எனக்கே செய்தீர்கள் என்ற இயேசுவின் சொல்லைப் பற்றிக்கொண்டு, தெருவில் கிடந்தவர்களைத் தொட்டுத் தூக்கினார். உணர்வு வராத நாளில் உங்கள் தேடலும் அந்தத் திசையில் போகட்டும்: இன்று என் வாசலுக்கு வந்த தேவையுள்ளவர் யார், அவரை நான் எப்படி நடத்தினேன்?

இரவுப் பயிற்சி ஓரளவு பழகியபின், பகலிலும் அதன் பலன் தெரியத் தொடங்கும். முதலில் இரவில் மட்டும் கண்டுகொண்டதை, பிறகு நடந்த சிறிது நேரத்திலும், போகப் போக நடக்கும்போதே சில வேளைகளிலும் கண்டுகொள்வீர்கள். 1551-இல் இஞ்ஞாசியார் நிறுவிய இயேசு சபை என்ற துறவற சபையைச் சேர்ந்த போர்த்துக்கல் நாட்டு இளம் உறுப்பினர் ஒருவருக்கு அவர் சார்பில் எழுதப்பட்ட மடல், படிப்புச் சுமையால் நீண்ட தியானத்துக்கு நேரமில்லாதவர்கள் பேசுவதிலும் நடப்பதிலும் பார்ப்பதிலும் சுவைப்பதிலும் கேட்பதிலும் இறைவனைத் தேடலாம் என்கிறது. சிறு பிள்ளைகளை வளர்க்கும் தாய்மாரும் இரவுப் பணிக்குப் போகிறவர்களும் இந்த அனுமதியைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். அவர்களுக்கு நேரம் கிடைக்கும்போது, மதியமோ விடியற்காலையோ, அதுவே பயிற்சியின் நேரம்.

ஒரு நோட்டில் தினமும் இரண்டு வரி எழுதிவையுங்கள்: உள்ளம் விரிந்த இடம், சுருங்கிய இடம். மாதம் ஒருமுறை அதை வாசித்தால், ஒருநாளில் தெரியாத போக்கு தெரியும். ஒரே நபரின் வழியாக, ஒரே வேலையின் வழியாக ஆண்டவர் மீண்டும் மீண்டும் உங்களைத் தொட்டிருப்பார். அந்தப் பக்கங்களை, உங்களைப் புகழவோ அச்சுறுத்தவோ செய்யாத, செபத்தில் பழுத்த ஒருவரிடம் காட்டிப் பேசுங்கள். பங்குத்தந்தை, அருள்சகோதரி, நீண்டகாலம் ஆன்மிகப் பயிற்சிகள் செய்த பொதுநிலையினர் என எவராகவும் அவர் இருக்கலாம். திருமணம், துறவு, வேலையை விடுதல் போன்ற பெரிய முடிவு எதையும் இந்த நோட்டை மட்டும் நம்பித் தனியாக எடுக்க வேண்டாம். அவரோடு உட்கார்ந்து, சில மாதப் பக்கங்களைச் சேர்த்து வாசித்த பிறகு எடுங்கள்.