பழைய போனை அழிப்பதற்கு முன்: பேக்கப்பிலும் இடமாற்றத்திலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிய போனின் திரையில் ‘பரிமாற்றம் முடிந்தது’ என்று வந்ததும் பலர் உடனே பழைய போனை ரீசெட் செய்யப் போய்விடுகிறார்கள். செயலிகளின் சின்னங்கள் வரிசையாக வந்துவிட்டன, தொடர்பு எண்கள் இருக்கின்றன, புகைப்படங்கள் தெரிகின்றன; வேறென்ன வேண்டும் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் அந்தச் சின்னங்களில் சிலவற்றுக்குள் ஒன்றுமே இருக்காது. செயலி வந்திருக்கும், அதற்குள் இருந்த தகவல் வந்திருக்காது. அந்தச் செயலி அவசரமாகத் தேவைப்படும் நாளில்தான் இது தெரியவரும். அதற்குள் பழைய போன் வேறொருவர் கைக்குப் போயிருக்கும்.

இத்தகைய இழப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றே. போனில் உள்ள எல்லாம் ஒரே பொட்டலமாக இருப்பதாக எண்ணிவிடுகிறோம். உண்மையில் சில தகவல்கள் நிறுவனத்தின் சர்வரில் இருக்கின்றன, சில உங்கள் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கில் இருக்கின்றன, சில அந்தக் கருவியின் உள்ளே மட்டுமே இருக்கின்றன. ஆகவே முக்கியமான ஒவ்வொன்றைப் பற்றியும் இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். இது இப்போது எங்கே இருக்கிறது? இந்தப் போன் இல்லாமல் போனால் இதை எதைக் கொண்டு திறப்பேன்? இவற்றுக்கு விடை தெரியாத எதுவும் பத்திரமாக இல்லை.

ஒத்திசைவை பேக்கப் என்று நம்புவது

மிகப் பரவலான தவறு இது. கூகுள் போட்டோஸ், ஐகிளவுட் போட்டோஸ் போன்றவை படங்களைக் கணக்கோடு ஒத்திசைத்து வைக்கின்றன. ஓர் இடத்தில் சேர்த்தால் எல்லா இடத்திலும் சேரும். ஓர் இடத்தில் நீக்கினால் எல்லா இடத்திலும் நீங்கும். பழைய போனை விற்பதற்கு முன், அந்நியர் கண்ணில் படக்கூடாதே என்று உட்கார்ந்து ஒவ்வொரு படமாக நீக்குபவர்கள் இருக்கிறார்கள். கணக்கு உள்நுழைந்த நிலையிலேயே இதைச் செய்தால் புதிய போனிலிருந்தும் அந்தப் படங்கள் மறைந்துவிடும். தொடர்பு எண்களுக்கும் நாட்காட்டிக்கும் இதே கதிதான். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படம் குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும், ஐகிளவுட்டில் 30 நாள். அதற்குள் கவனித்தால் மீட்கலாம், தவறினால் போனது போனதுதான். பழைய போனில் எதையும் கையால் நீக்க வேண்டிய தேவையே இல்லை. கணக்கை விலக்கிவிட்டு முழுமையாக ரீசெட் செய்தாலே போதும்.

இதோடு சேர்ந்த இன்னொன்று: போனில் இடம் மிச்சப்படுத்தும் வசதியை இயக்கியிருந்தால், கேலரியில் காண்பவற்றில் பல சிறு பிரதிகளாகவே இருக்கும்; மூலப் படம் கிளவுட்டில் இருக்கும். அப்படிப்பட்ட போனைக் கேபிளால் கணினியில் இணைத்து நகலெடுத்துவிட்டு, எல்லாம் வந்துவிட்டது என்று கணக்கையே மூடுபவர்கள் மூலப் படங்களை இழக்கிறார்கள். ஆண்ட்ராய்டில் வேறொரு ஓட்டை இருக்கிறது. கூகுள் போட்டோஸ் கேமரா எடுத்த படங்களைத்தான் தானாகப் பதிவேற்றும். வாட்ஸ்அப்பில் வந்தவை, ஸ்கிரீன்ஷாட்கள், பதிவிறக்கியவை ஆகியவை தனித்தனிக் கோப்புறைகளில் கிடக்கும். அவற்றையும் சேர்க்கச் சொல்லி நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இடம் தீர்ந்துபோவதையும் யாரும் கவனிப்பதில்லை. கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. அதைத்தான் ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் பங்கிட்டுக்கொள்கின்றன. ஆப்பிள் தருவது 5 ஜிபி. நிரம்பியதும் பேக்கப் நின்றுவிடும். ஓர் அறிவிப்பு வரும், விரலால் தள்ளிவிடுவோம், அத்தோடு மறந்துவிடுவோம். ‘பேக்கப் இயக்கத்தில் உள்ளது’ என்ற வரியைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். அதன் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் கடைசித் தேதியைப் பாருங்கள்.

வாட்ஸ்அப்: அதிகம் பேர் அழுவது இங்கேதான்

வாட்ஸ்அப் உரையாடல்கள் அந்த நிறுவனத்தின் சர்வரில் நிரந்தரமாகச் சேமிக்கப்படுவதில்லை. அவை உங்கள் போனில் இருக்கின்றன. பேக்கப் செய்திருந்தால் ஆண்ட்ராய்டில் கூகுள் கணக்கிலும், ஐபோனில் ஐகிளவுட்டிலும் ஒரு நகல் இருக்கும். அந்த நகலை மீட்க அதே தொலைபேசி எண்ணும் அதே கணக்கும் வேண்டும். புதிய போனுக்கென்று புதிதாக ஒரு கூகுள் கணக்கைத் தொடங்கி, அதில் மட்டும் உள்நுழைந்தால், பழைய நகல் அங்கே இருந்தும் வாட்ஸ்அப்பின் கண்ணுக்குத் தெரியாது.

அமைக்கும்போது எண்ணை உறுதி செய்தவுடன் ‘மீட்டெடு’ என்று ஒரு திரை வரும். நெட் மெதுவாக இருக்கிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அதைத் தவிர்த்துவிட்டால், பிறகு அமைப்புகளுக்குள் எங்கு தேடினாலும் அந்தப் பொத்தான் கிடைக்காது. ஆபத்து அதோடு முடிவதில்லை. தினசரி பேக்கப் இயங்கிக்கொண்டிருந்தால், ஏறத்தாழ வெறுமையாக இருக்கும் இந்தப் புதிய வாட்ஸ்அப்பின் நகல், பல ஆண்டு உரையாடல்கள் இருந்த பழைய நகலின் இடத்தைப் பிடித்துவிடும். தவிர்த்துவிட்டோம் என்று தெரிந்த கணமே பேக்கப்பை நிறுத்தி, செயலியை நீக்கி, மீண்டும் நிறுவி, அந்தத் திரைக்குத் திரும்பிச் செல்லுங்கள். பழைய ஆண்ட்ராய்டு போன் கையில் இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. கடந்த ஏழு நாட்கள் வரையிலான உள்ளூர் நகல்கள் அதன் வாட்ஸ்அப் கோப்புறைக்குள் ‘டேட்டாபேசஸ்’ என்ற உட்கோப்புறையில் இருக்கும். அந்தக் கோப்புறையை அப்படியே புதிய ஆண்ட்ராய்டு போனுக்கு நகலெடுத்தும் மீட்கலாம். பழைய போனை அவசரப்பட்டு அழிக்காதவர்களுக்கே இந்த வாய்ப்பு.

‘உரையாடலை ஏற்றுமதி செய்’ என்ற வசதியைப் பேக்கப் என்று நினைப்பவர்களும் உண்டு. அது தருவது வாசிக்கக்கூடிய ஓர் உரைக் கோப்பு. அதை வாட்ஸ்அப்புக்குள் திரும்ப ஏற்ற முடியாது.

ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கோ, அங்கிருந்து இங்கோ மாறுபவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். கூகுள் கணக்கில் இருக்கும் நகலை ஐபோன் திறக்காது; ஐகிளவுட்டில் இருப்பதை ஆண்ட்ராய்டு திறக்காது. இரண்டு போன்களும் ஒரே நேரத்தில் கையில் இருக்கும்போது நேரடியாக மாற்றுவதுதான் முறை. ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்குச் செல்ல ஆப்பிளின் ‘மூவ் டு ஐஓஎஸ்’ செயலி இருக்கிறது. புதிய ஐபோனை முதன்முதலாக அமைக்கும் கட்டத்துக்காகவே அது உருவாக்கப்பட்டது. பாதி அமைத்து ஒரு வாரம் புழங்கிவிட்டு, பிறகு பழையதைக் கொண்டுவரலாம் என்று வருபவர்கள் மீண்டும் ரீசெட்டிலிருந்து தொடங்க நேரிடும். ஆகவே பெட்டியைப் பிரிக்கும் முன்பே, பழைய போனுக்கு முழுச் சார்ஜும் இரண்டுக்கும் நல்ல வைஃபையும் இருக்கும் வேளையைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

மற்ற செய்திச் செயலிகள் எல்லாம் இதே மாதிரி என்று எண்ணாதீர்கள். டெலிகிராமின் சாதாரண உரையாடல்கள் சர்வரில் இருப்பதால் உள்நுழைந்ததும் வந்துவிடும். ‘ரகசிய உரையாடல்’ தொடங்கிய கருவியோடு நின்றுவிடும். சிக்னலில், முன்கூட்டியே பேக்கப் எடுத்துவைக்காவிட்டால், பழைய போன் இல்லாமல் வரலாறு வராது.

இரட்டைச் சரிபார்ப்புச் செயலியை மறப்பது

இழப்பின் அளவை வைத்துப் பார்த்தால், இதைவிடப் பெரிய தவறு எனக்குத் தெரிந்து இல்லை. உள்நுழையும்போது கடவுச்சொல்லோடு கூடுதலாகக் கேட்கப்படும், 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க எண்ணைக் காட்டும் செயலி இருக்கிறதல்லவா, அந்த எண் எங்கிருந்தோ அனுப்பப்படுவதில்லை. முதல் நாள் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தபோது வந்த ஒரு ரகசியச் சாவியையும் அப்போதைய நேரத்தையும் வைத்து, போனே அதைக் கணக்கிடுகிறது. சாவி போனுக்குள் இருக்கிறது. இடமாற்றத்தில் செயலி மட்டும் வந்து சாவி வராவிட்டால், திறந்ததும் வெற்றுப் பட்டியல்தான் காத்திருக்கும். மின்னஞ்சலுக்குள் நுழைய எண் வேண்டும், எண்ணைத் தருவதற்குப் பழைய போன் வேண்டும். சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தியது போன்ற நிலை அது.

இத்தகைய செயலிகளில் ஒன்றான கூகுள் ஆதன்டிகேட்டரில் 2023 முதல் கணக்கோடு ஒத்திசைக்கும் வசதி இருக்கிறது. ஆனால் செயலிக்குள் கணக்கில் உள்நுழைந்திருந்தால்தான் அது வேலை செய்யும். இல்லையென்றால் பழைய போனில் ‘கணக்குகளை இடம் மாற்று’ என்பதைத் தேர்ந்து, வரும் க்யூஆர் கோடைப் புதிய போனால் ஸ்கேன் செய்ய வேண்டும். மாற்றிய பின், புதிய போன் காட்டும் எண்ணைக் கொண்டு ஏதாவது ஒரு கணக்கில் உண்மையிலேயே உள்நுழைந்து பாருங்கள். பட்டியல் தெரிவது மட்டும் போதாது. கூகுள் உட்படப் பல சேவைகள் ஒருமுறை மட்டும் பயன்படும் மாற்று எண்களையும் தருகின்றன. அவற்றைக் காகிதத்தில் எழுதி, போனிலிருந்து தனியாக வைத்திருங்கள். அவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே போனின் கேலரியில் வைப்பதால் ஒரு பயனும் இல்லை.

வங்கிச் செயலிகளின் கதை வேறு. அவை பாதுகாப்புக்காகவே தகவலைக் கருவியோடு பிணைத்து வைக்கின்றன. புதிய போனில் மறுபதிவு செய்தே ஆக வேண்டும். அதற்குப் பதிவு செய்த எண் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். சிம்மை மாற்றி, குறுஞ்செய்தி வருகிறதா என்று பார்த்த பிறகே அந்த வேலையில் இறங்குங்கள்.

பேக்கப்புக்கு எல்லையும் ஆயுளும் உண்டு

ஆண்ட்ராய்டின் தானியங்கி பேக்கப்பில் ஒரு செயலிக்கு 25 எம்பி வரைதான் இடம். அதற்கு மேல் தகவல் வைத்திருக்கும் செயலி தனக்கென்று வேறு ஏற்பாடு செய்திருக்க வேண்டும். செயலியை எழுதியவர் தன் தகவலை இந்த பேக்கப்பில் சேர்க்க வேண்டாம் என்றே விலக்கிவைக்கவும் முடியும்; வெளியிலிருந்து பார்க்கும் உங்களுக்கு அது தெரியாது. விருந்தினராக உள்நுழைந்து ஆடிய விளையாட்டும், கணக்கே கேட்காத குறிப்பேடும், ஒலிப்பதிவுகளும் இப்படித்தான் தொலைகின்றன. நீங்கள் மனமூன்றி எழுதும் குறிப்புச் செயலி எதுவானாலும், அதில் ஏற்றுமதி வசதி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

பழைய போன் கெட்டுப்போய், புதியது வாங்கச் சில மாதம் ஆகும் என்றால் நாட்களை எண்ண வேண்டும். ஆண்ட்ராய்டு கருவியை 57 நாள் பயன்படுத்தாமல் விட்டால் அதன் பேக்கப் அழிக்கப்படலாம். ஐகிளவுட் பேக்கப்பை நிறுத்தினாலோ பயன்படுத்தாமல் விட்டாலோ, கடைசி நகலை ஆப்பிள் 180 நாள் வைத்திருக்கும். புதிய பதிப்பில் எடுத்த நகலைப் பழைய பதிப்பு உள்ள போனில் மீட்கவும் முடியாது; முதலில் அந்தப் போனின் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும்.

ஐபோனைக் கணினியில் பேக்கப் எடுப்பவர்களில் பலர், கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி நகலைப் பூட்டும் ‘மறையாக்கம்’ (என்கிரிப்ஷன்) என்ற கட்டத்தில் டிக் செய்யாமல் விடுகிறார்கள். அப்படி எடுத்த நகலில் சேமித்த கடவுச்சொற்கள், வைஃபை அமைப்புகள், உடல்நலத் தகவல்கள் எதுவும் இருக்காது. டிக் செய்தால் எல்லாம் வரும். ஆனால் அப்போது வைக்கும் கடவுச்சொல் மறந்துபோனால் அந்த நகலைத் திறக்க ஆப்பிளுக்கும் வழியில்லை. வாட்ஸ்அப்பின் மறையாக்க பேக்கப்பும் அப்படியே. அதன் கடவுச்சொல்லையோ 64 இலக்கச் சாவியையோ தொலைத்தால் அந்த நிறுவனத்தாலும் உதவ முடியாது. மறையாக்கம் வேண்டியதுதான். அந்தச் சொல்லை எங்கே எழுதி வைக்கிறோம் என்பதை முடிவு செய்துவிட்டு இயக்குங்கள்.

சிறியவையாகத் தோன்றுபவை

தொடர்பு எண் எங்கே சேமிக்கப்படுகிறது என்று பாருங்கள். சிலருக்குச் சிம்மில், சிலருக்குப் போனின் நினைவகத்தில், சிலருக்குக் கணக்கில். பலருக்கு மூன்றிலும் சிதறிக் கிடக்கும். எல்லாவற்றையும் கணக்குக்கு மாற்றி, எல்லா எண்களையும் ஒன்றாகச் சேமிக்கும் விசிஎஃப் கோப்பாகவும் எடுத்துவைத்தால் கவலையில்லை. மெமரி கார்டை உள் நினைவகமாக மாற்றியிருந்தால் அது அந்தப் போனோடு மட்டும் மறையாக்கம் செய்யப்பட்டது. கழற்றி வேறு போனில் போட்டால் படிக்காது.

‘ஒரே தட்டலில் அனைத்தையும் மாற்றும்’ என்று விளம்பரம் செய்யும் முகம் தெரியாத செயலிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். குறுஞ்செய்தி, தொடர்புகள், கோப்புகள் என எல்லா அனுமதியும் கேட்கும் அவை, போன் தயாரிப்பாளரே தரும் கருவியைவிட அதிகமாக எதையும் கொண்டுவருவதில்லை. செயலியின் நிறுவல் கோப்பை அனுப்பினாலும் உள்ளிருக்கும் தகவல் வராது.

‘போன் கெட்டால் கடையில் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம்’ என்ற நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள். இன்றைய போன்களின் சேமிப்பு மறையாக்கம் செய்யப்பட்டது. திரை உடைந்து திறவு எண்ணைத் தட்ட முடியாவிட்டால் கேபிளில் இணைத்தாலும் கோப்புகள் தெரியாது. முக்கியப் பலகை (மதர்போர்டு) செத்துவிட்டால் நினைவகச் சிப்பைக் கழற்றியும் பயனில்லை.

அழிக்கும் நாள்

புதிய போனோடு சில வாரங்கள் வாழ்ந்து பாருங்கள். அந்த நாட்களில் பழையது அணைந்த நிலையில் அலமாரியில் இருக்கட்டும். எதற்காக அதை மீண்டும் எடுக்க நேர்ந்ததோ, அதுதான் இடமாற்றத்தில் விடுபட்டது. கணினியின் உலாவியில் கணக்கைத் திறந்து, மிகப் பழைய படம் ஒன்றும் போன வாரத்துப் படம் ஒன்றும் முழு அளவில் திறக்கின்றனவா என்று பாருங்கள். படங்களுக்கு மட்டுமாவது கிளவுட்டைத் தவிர ஒரு ஹார்ட் டிஸ்கில் இன்னொரு நகல் இருக்கட்டும். கணக்கு முடங்கினால் கைகொடுப்பது அதுதான்.

பிறகு வரிசை முக்கியம். அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிவாகும் இ-சிம் பயன்படுத்தினால் புதிய போனில் அந்த எண்ணுக்கு அழைப்பு வருகிறதா என்று உறுதி செய்த பிறகே பழையதிலிருந்து நீக்குங்கள். ஐபோனை விட்டு ஆண்ட்ராய்டுக்குச் செல்பவர்கள் ஆப்பிளின் செய்திச் சேவையான ஐமெசேஜை அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஐபோன் வைத்திருக்கும் நண்பர்கள் அனுப்பும் செய்திகள் உங்களுக்கு வராமல் போகலாம். அடுத்து கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, அதன் பின் அமைப்புகளின் வழியாக ரீசெட் செய்யுங்கள். வெளியேறாமல் அழித்தால் திருட்டைத் தடுக்க வைத்திருக்கும் பூட்டு அப்படியே இருந்து, வாங்கியவர் போனைப் பயன்படுத்த முடியாமல் தவிக்க நேரலாம். ரீசெட் முடிந்ததும் மொழியைத் தேர்ந்து, வைஃபையை இணைத்து இரண்டு திரை முன்னே செல்லுங்கள். முந்தைய கணக்கின் கடவுச்சொல்லை அது கேட்டால் பூட்டு இன்னும் விலகவில்லை. கேட்காவிட்டால் அணைத்துக் கையளிக்கலாம்.