டெல்லி ரயில் அருங்காட்சியகம்: குழந்தைகளோடு போகிறவர்கள் செய்யும் தவறுகள்

டெல்லிக்குச் சுற்றுலா போகும் நம்மூர்க் குடும்பங்களின் பட்டியலில் செங்கோட்டை, குதுப்மினார், ஆக்ரா எல்லாம் முதலில் வந்து உட்கார்ந்துவிடும். சாணக்கியபுரியில் இருக்கும் தேசிய ரயில் அருங்காட்சியகத்தைக் கடைசி நாளில், ஊருக்குக் கிளம்பும் முன், 'பசங்களுக்காக ஒரு மணி நேரம்' என்று செருகுவார்கள். பாதித் தவறுகள் இங்கேயே ஆரம்பித்துவிடுகின்றன. நாலு வயதிலிருந்து எட்டு வயது வரை உள்ள குழந்தைகளுக்கு டெல்லியில் இதைவிட நல்ல இடம் இல்லை என்பது என் கட்சி. அரை நாளாவது ஒதுக்குங்கள். முடியாதென்றால் குதுப்மினாரை விட்டுவிடுங்கள், குழந்தைகள் கேட்கப்போவதில்லை.

அந்தக் கடைசி நாள் திங்கட்கிழமையாக இருந்தால் கதை முடிந்தது. அன்று விடுமுறை. அரசு விடுமுறை நாட்களிலும் திறந்திருக்கிறதா என்று கிளம்பும் முன் இணையத்தில் பார்த்துவிடுங்கள். பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு ஐந்து வயதுப் பிள்ளையைச் சமாதானப்படுத்துவது லேசுப்பட்ட காரியம் இல்லை.

அடுத்தது வெயில். எஞ்சின்களும் பெட்டிகளும் பெரும்பாலும் திறந்த வெளியில்தான் நிற்கின்றன. பள்ளி விடுமுறை என்று நாம் போவது மே மாதம். அப்போது டெல்லியில் 40 டிகிரியைத் தாண்டுவது சர்வ சாதாரணம். 'சென்னை வெயிலையே பார்த்த பிள்ளைகள்தானே' என்று நினைக்க வேண்டாம். அது வியர்த்துக் கொட்டும் வெயில், இது வறண்ட வெயில். குழந்தை வாடிப்போவது நம் கண்ணில் படுவதற்கே நேரமாகும். மத்தியானம் இரும்பில் கை வைத்தால் சுரீர் என்று சுடும். காலையில் திறந்ததும் உள்ளே போய் வெளியே நிற்பவற்றைப் பார்த்துவிடுங்கள். வெயில் ஏறியதும் கட்டடத்துக்குள் இருக்கும் காட்சிக்கூடத்துக்கு மாறிக்கொள்ளலாம்.

பொம்மை ரயில் விஷயத்தில் பெரியவர்கள் ஒரு கணக்குப் போடுவார்கள். "சமத்தா எல்லாத்தையும் பாரு, அப்புறம் ரயில்ல போகலாம்" என்பார்கள். அது எடுபடாது. உள்ளே நுழைந்ததும் அந்த ரயில் ஊதிக்கொண்டு போவதைக் குழந்தை பார்த்துவிடும். அதற்குப் பிறகு நீங்கள் காட்டும் எந்த எஞ்சினும் அதற்கும் ரயிலுக்கும் நடுவில் நிற்கும் தடங்கல்தான். முதலில் ஏற்றிவிடுங்கள். வளாகத்தைச் சுற்றி வருவதால் எது எங்கே இருக்கிறது என்று உங்களுக்கும் தெரிந்துவிடும். இறங்கியதும் 'இன்னொரு தடவை' என்று அழுவார்கள், சரி, அதற்கு என்னிடம் வைத்தியம் இல்லை.

இப்போது பெரிய தவறுக்கு வருகிறேன்: அறிவிப்புப் பலகையை வாசித்துக் காட்டுவது. எந்த ஆண்டு, எந்தக் கம்பெனி, எந்த வகுப்பு எஞ்சின் என்று அப்பா சத்தமாக வாசிப்பார். பிள்ளை அதற்குள் சக்கரத்துக்குக் கீழே குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருக்கும். பிள்ளை பார்ப்பதுதான் சரி. நீராவி எஞ்சினின் சங்கதி எல்லாம் சக்கரத்தை ஒட்டி, குழந்தையின் கண் உயரத்தில்தான் இருக்கிறது. பலகை நம் உயரத்துக்கு.

உதாரணத்துக்கு, பெங்கால் நாக்பூர் ரயில்வேக்காக மான்செஸ்டரில் 'பேயர் பீக்காக்' (Beyer Peacock) கம்பெனி செய்த 'காரட்' (Garratt) வகை நீராவி எஞ்சின் ஒன்று அங்கே நிற்கிறது. எடை 230 டன்னுக்கு மேல். இந்த எண் குழந்தைக்கு ஒன்றும் சொல்லாது. ஒரு ஓரத்தில் நிற்க வைத்து, "இந்தப் பக்கம் மட்டும் எத்தனை சக்கரம், நடந்துகிட்டே எண்ணு" என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு சின்னது, நாலு பெரியது. அப்புறம் நடுவில் ஒரு பெரிய இடைவெளி, மேலே கொதிகலன் மட்டும். மறுபடி நாலு பெரியது, இரண்டு சின்னது. மொத்தம் 12. நடுவில் ஏன் சக்கரமே இல்லை என்று அவர்களே கேட்பார்கள். இவ்வளவு நீளத்தை ஒரே சட்டத்தில் செய்தால் வளைவில் திரும்பாது. அதனால் முன்னாலும் பின்னாலும் தனித்தனியாகத் திரும்புகிற சக்கரத் தொகுதிகள் இரண்டை வைத்து, கொதிகலனை அவற்றுக்கு நடுவில் தொட்டில் மாதிரி தாங்க வைத்துவிட்டார்கள். பெரிய சக்கரங்களை ஒன்றோடொன்று கோக்கும் இரும்புத் தண்டைக் காட்டுங்கள். ஒரு சக்கரம் சுற்றினால் மற்றதும் சேர்ந்து சுற்ற வேண்டும், அதற்குத்தான் அது. இப்படி நாலைந்து எஞ்சின் பார்த்தால் போதும். எல்லாவற்றையும் பார்த்தே தீர வேண்டும் என்று இழுத்துக்கொண்டு ஓடினால் எதுவும் மனதில் நிற்காது.

அந்த நாலைந்தில் பட்டியாலா மோனோரயில் கட்டாயம் இருக்கட்டும். ரயிலுக்கு இரண்டு தண்டவாளம் வேண்டும் என்பது குழந்தைக்கே தெரியும், இதற்கு ஒன்றுதான். எடையில் பெரும் பகுதியைத் தண்டவாளத்தில் ஓடும் சக்கரங்கள் தாங்கும். சாய்ந்துவிடாமல் இருக்க, ஒரு பக்கம் தள்ளி ஒரு பெரிய சக்கரம் ரோட்டிலேயே உருண்டு வரும். பட்டியாலா சமஸ்தானத்தில் 1907 முதல் 1927 வரை ஓடியது. ஆரம்பத்தில் கோவேறு கழுதைகளும் இழுத்தன, பிறகு ஜெர்மனியிலிருந்து நீராவி எஞ்சின் வந்தது. ரயில்வே இதைச் சீர் செய்து ஓடும் நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறது. ஆனால் தினமும் ஓட்டுவதில்லை. 'இன்னிக்கு மோனோரயில்ல போறோம்' என்று ஹோட்டலிலேயே வாக்குக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள்.

மைசூர் மகாராஜாவின் 1899-ஆம் ஆண்டு சலூன் (அவர் பயணம் செய்யச் செய்த சொகுசுப் பெட்டி) போன்றவற்றை ஜன்னல் வழியாகத்தான் பார்க்க வேண்டும், ஜன்னலோ உயரம். தூக்கிக் காட்டத் தெம்பு இருந்தால் காட்டுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அதில் பெரிய சுவாரசியம் கிடையாது.

பலரும் நினைத்துப் பார்க்காத தவறு ஒன்று உண்டு. படம் எடுப்பதற்காகக் குழந்தையைத் தண்டவாளத்தின் நடுவில் நிற்க வைக்கிறோம், வண்டியின் முனையில் மோதலைத் தாங்க நீட்டிக்கொண்டிருக்கும் பஃபரின் மேல் உட்கார வைக்கிறோம். அங்கே எஞ்சின் நகராதுதான். ஆனால் அடுத்த வாரம் ஊரில் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நிற்கும்போது, தண்டவாளம் என்பது இறங்கி விளையாடும் இடம் என்ற நினைப்போடு அதே குழந்தை நிற்கும். "இது தூங்குற ரயில், நிஜ ஸ்டேஷன்ல தண்டவாளத்துகிட்டயே போகக் கூடாது" என்று அங்கேயே, அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள். அதோடு பொம்மை ரயிலின் பாதை நிஜமாகவே வண்டி ஓடும் பாதை. அதைக் கடக்கும்போது கையை விடாதீர்கள். எஞ்சின் படிகளின் ஓரம் கூர்மையாக இருக்கலாம், ஏறக் கூடாது என்று எழுதியிருந்தால் ஏற்றாதீர்கள்.

தாத்தா பாட்டியை 'உங்களுக்கு எதுக்கு அலைச்சல்' என்று அறையில் விட்டுவிட்டு வருவதும் நஷ்டம்தான். எழும்பூரிலிருந்து மீட்டர் கேஜில் கரி எஞ்சின் இழுத்த வண்டியில் போன தலைமுறை அது. ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணில் கரித்தூள் விழுந்த கதையை அவர்களை விட்டால் யார் சொல்வது? மீட்டர் கேஜ் என்றால் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 1,000 மில்லிமீட்டர். இப்போது நாம் போகும் பிராட்கேஜில் 1,676. வெவ்வேறு கேஜ் வண்டிகள் அங்கே நிற்பதால் வித்தியாசத்தைக் குழந்தையே கையை விரித்து அளந்து பார்க்கலாம்.

உள்ளே காட்சிக்கூடத்தில் ஒரு யானையின் மண்டை ஓடு இருக்கிறது. 1894-ல் மெயில் வண்டியோடு மோதி இறந்த யானை. பிள்ளைகள் அதன் முன்னால் நின்றுவிடுவார்கள், கேள்வியும் வரும். 'பொம்மைடா' என்று மழுப்பாமல் நடந்ததைச் சொல்லிவிடுங்கள். இப்போதும் கோவை, வாளையாறு பக்கம் யானைகள் கடக்கும் இடங்களில் ரயில்கள் மெதுவாகப் போக வேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

சாப்பாட்டை மட்டும் உள்ளே கிடைப்பதை நம்பி விட்டுவிட வேண்டாம். தண்ணீர், பிஸ்கட், ஒரு மாற்று உடை பையில் இருக்கட்டும். இரும்பைத் தொட்டுவிட்டுக் கையை வாயில் வைப்பார்கள், சோப்பும் வேண்டும்.